சமூகநல அமைச்சருக்குச் சமூகப் பணி தெரிந்திருக்க வேண்டுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் அக்கா மகள் பாலிடெக்னிக் முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணி படிக்கப் போகிறேன் என்கிறாள், வீட்டில் ஒரே வாக்குவாதம். உங்கள் மாமா ஒரு போடு போட்டாராம்: "அந்த அமைச்சை நடத்துறவங்களே ராணுவத்துல இருந்தும் எஞ்சினியரிங்ல இருந்தும் வந்தவங்க. அவங்களுக்கே தேவைப்படாத படிப்பு இவளுக்கு எதுக்கு?" அதை வைத்து நீங்கள் கேட்டிருப்பது, சிங்கப்பூர் அமைச்சர்களுக்கு உண்மையான சமூக சேவை அனுபவம் போதுமான அளவு இருக்கிறதா என்று. கேள்வி அமைச்சர்களைப் பற்றியதாகத் தெரிகிறது. எனக்கென்னவோ, உள்ளே இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: இந்தத் தொழிலில் கற்றுக்கொள்ள என்று ஏதாவது இருக்கிறதா, நல்ல மனசு இருந்தால் போதாதா? இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்.

நான் எங்கே நின்று பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் பதினோரு வருடம், கஷ்டப்படும் குடும்பங்களுக்கு ஆலோசனையும் உதவியும் தரும் குடும்பச் சேவை நிலையம் ஒன்றில். சுற்றிலும் ஓரறை, ஈரறை வாடகை வீடுகள் உள்ள புளோக்குகள். அப்புறம் மருத்துவமனை. இடையில் ஐந்தாறு வருடம், ஒரு தொகுதியின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில், அதாவது நாடாளுமன்ற உறுப்பினரிடம் மக்கள் நேரில் உதவி கேட்டு வரும் இடத்தில், தமிழ் பேசுகிறவர்களுக்கு உதவியாக உட்கார்ந்து கடிதம் எழுதிக் கொடுத்தேன். அமைச்சர்கள் வந்து போன வீடுகளில் அவர்கள் வருவதற்கு முன்னும் இருந்திருக்கிறேன், போன பின்னும் இருந்திருக்கிறேன். அமைச்சரவை அறைக்குள் நடப்பது என் கண்ணுக்கு எட்டாதது. இன்னொரு குறையும் உண்டு. என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் ஏற்கெனவே கஷ்டத்தில் இருப்பவர்கள். அரசாங்கத் திட்டம் ஒன்று ஒழுங்காக வேலை செய்து, அதனால் என் கதவைத் தட்டத் தேவையே இல்லாமல் போனவரை நான் பார்ப்பதே இல்லை. ஆக என் பார்வை ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

தமிழில் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லாவற்றையும் 'சமூக சேவை' என்று சொல்லிவிடுகிறோம். கோயில் அன்னதானத்தில் பரிமாறுவது, தீபாவளிக்கு முதியோர் இல்லத்துக்குப் பலகாரம் கொண்டுபோவது, வார இறுதியில் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் வகுப்பில் பிள்ளைகளுக்குத் துணையாக இருப்பது, எல்லாமே சமூக சேவை. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் 'சமூக சேவகர்' என்று போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. (எங்கள் பெரியப்பா போட்டுக்கொண்டார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்ததைத் தவிர அவர் வேறென்ன செய்தார் என்று பெரியம்மாவுக்கே தெரியாது.) நான் செய்வது சமூகப் பணி. சம்பளத்துக்குச் செய்யும் தொழில். இங்கே 1950களின் தொடக்கத்திலிருந்து பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். 2009 முதல் பதிவுபெற்ற சமூகப் பணியாளர் என்ற அங்கீகாரமும் இருக்கிறது. பிள்ளையை அந்த வீட்டிலேயே விட்டுவைக்கலாமா, இன்று இரவே வெளியே கொண்டுவந்தாக வேண்டுமா? புருஷனிடம் அடிவாங்கியவள் மூன்றாவது தடவையாக 'நான் வீட்டுக்கே போறேன்' என்று சொன்னால் என்ன பதில் சொல்வது, என்ன சொல்லவே கூடாது? இப்படிப்பட்டதை மேற்பார்வையாளர் முன்னால் உட்கார்ந்து, நாம் எழுதிய குறிப்பை அவர் வரிவரியாகக் கேள்வி கேட்க, தப்பு செய்து தப்பு செய்து கற்றுக்கொள்கிறோம். நம் அமைச்சர்களுக்குச் சேவை அனுபவம் நிறையவே உண்டு. பணி அனுபவம் கிட்டத்தட்ட இல்லை. உங்கள் மாமா சொல்வதும் அவரை எதிர்த்துப் பேசுகிறவர்கள் சொல்வதும் ஒரே நேரத்தில் சரியாக இருப்பது இதனால்தான்.

பெயர் பெயராகவே பார்த்துவிடுவோம். சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு இப்போதைய பெயரில் உருவானது 2012 நவம்பரில். அதற்குத் தலைமை தாங்கியவர்கள் சான் சுன் சிங், டான் சுவான்-ஜின், டெஸ்மண்ட் லீ, 2020 முதல் மசகோஸ் ஸுல்கிஃப்லி. முதல் இருவர் ராணுவத்தில் ஜெனரல் நிலைக்கு உயர்ந்தவர்கள், மூன்றாமவர் சட்டம் படித்தவர், நான்காமவர் மின்பொறியாளர். அதற்கு முந்திய வடிவத்தில் 2004 முதல் 2011 வரை அமைச்சராக இருந்த விவியன் பாலகிருஷ்ணன் கண் அறுவைச் சிகிச்சை நிபுணர். சமூகப் பணியைத் தொழிலாகச் செய்தவர் இந்த வரிசையில் ஒருவரும் இல்லை. ஆனால் சான் சுன் சிங்கைத் தாயார் தனியாக வளர்த்தார், அந்த அம்மா இயந்திரம் இயக்கும் வேலை பார்த்தவர் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததே. பற்றாக்குறையில் வளர்ந்ததும் ஓர் அனுபவம்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரே ஓர் எச்சரிக்கை: தான் ஏறி வந்த படியை எல்லாராலும் ஏற முடியும் என்று நினைக்க வைப்பதும் அதே அனுபவம்தான். கஷ்டப்பட்டு மேலே வந்த என் சக ஊழியர்கள் சிலரிடமே அதைப் பார்த்திருக்கிறேன், ஒரு காலத்தில் என்னிடமும்.

இன்னும் பின்னால் போனால் கதை சுவாரசியமாகிறது. 1963 முதல் 1977 வரை சமூக விவகார அமைச்சராக இருந்த ஒத்மான் வோக் பத்திரிகையாளர். 1980களின் நடுவில் சமூக மேம்பாட்டு அமைச்சைக் கவனித்த நம் எஸ். தனபாலன் பொருளியல் படித்தவர். அந்தத் துறைக்குள்ளேயே வேலை பார்த்த ஒருவர் 1959ஆம் ஆண்டின் முதல் அமைச்சரவையில் இருந்தார்: கோ கெங் சுவீ. போர் முடிந்ததும் சமூகநலத் துறையில் சேர்ந்தவர், அங்கே ஆய்வுப் பிரிவை நடத்தியவர். 1953-54இல் நகரத்துக் குடும்பங்களின் வருமானத்தையும் அவர்கள் குடியிருந்த இடத்தையும் வீடு வீடாக அளந்தெடுத்த ஆய்வு அவருடையது. இந்த ஊரின் வறுமையை எண்ணில் பார்த்தவர் அவரைப் போல அன்றைக்கு வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அவருக்குக் கொடுத்தது நிதி அமைச்சு! வறுமையைக் கணக்கெடுத்தவர் கஜானாவுக்குப் போனார். அங்கே போய் மேற்கத்திய நாடுகளைப் போல உதவித்தொகையை வாரி வழங்கினாரா என்றால் இல்லை. தொழிற்சாலை வந்தால் வேலை வரும், வேலை வந்தால் சோறு வரும் என்பது அவருடைய கணக்கு. கஷ்டத்தை அருகில் பார்த்தவர் கையைத் தாராளமாகத் திறப்பார் என்று எதிர்பார்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அனுபவம் மனிதரை எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நம்மவர்களில் இருவரையும் சொல்லியாக வேண்டும். எஸ்.ஆர். நாதன் 1954இல் சமூக ஆய்வியலில் பட்டயம் வாங்கி, அடுத்த ஆண்டு பொது மருத்துவமனையில் மருத்துவச் சமூகப் பணியாளராக வேலையைத் தொடங்கினார். அதாவது என் இப்போதைய வேலை. பிறகு கப்பல் மாலுமிகளின் நல அதிகாரி. எங்கெங்கோ சுற்றி 1999இல் அதிபரானார். அதிபர் சவால் நன்கொடைத் திட்டம் 2000இல் அவர் காலத்தில் வந்ததுதான். டாக்டர் எஸ். வாசு சமூகப் பணியில் ஊறியவர், பல்கலைக்கழகத்தில் அந்தத் துறைக்கே தலைவராக இருந்தவர். 1984 முதல் 2001 வரை நாடாளுமன்ற உறுப்பினர். ஆக, தொழில் தெரிந்தவர்கள் அதிபர் மாளிகையான இஸ்தானாவரை போயிருக்கிறார்கள், நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அமைச்சர் நாற்காலி மட்டும் வாய்க்கவில்லை.

சரி, அது குறையா? சுகாதார அமைச்சர் டாக்டராக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. 2004 முதல் 2011 வரை அந்தப் பொறுப்பில் இருந்த கோ பூன் வான் டாக்டர் இல்லை. ஆனால் அதற்கு முன்பே இங்குள்ள பெரிய மருத்துவமனைகளை நிர்வகித்தவர், வார்டு எப்படி ஓடும் என்று தெரிந்தவர். சமூகநலத் துறையில் அதற்கு இணையான ஒருவர், ஒரு குடும்பச் சேவை நிலையத்தையோ சிறுவர் இல்லத்தையோ சில வருடம் நடத்திவிட்டு அமைச்சராக வந்தவர், இந்த வரிசையில் இல்லை. இதைக் குறை என்றே நினைக்கிறேன், ஆனால் பெரிய குறை என்று சொல்லத் துணிய மாட்டேன். பிரிட்டனில் கிளெமென்ட் அட்லி இளம் வக்கீலாக இருந்தபோது கிழக்கு லண்டனில் ஏழைப் பையன்களுக்கான மன்றம் ஒன்றுக்குப் போனார், அப்புறம் அங்கேயே தங்கிவிட்டார், வருடக்கணக்காக. 1945இல் பிரதமரானதும் அவருடைய அரசாங்கம்தான் தேசியச் சுகாதாரச் சேவையைக் கொண்டுவந்தது. எல்லாரும் காட்டும் உதாரணம் இது. அதைக் காட்டுகிறவர்கள் கோ கெங் சுவீயை மறந்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். நம் அரசமைப்புச் சட்டப்படி அமைச்சராக வருகிறவர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தாக வேண்டும். அதனால் எவ்வளவு பெரிய அமைச்சரானாலும் தொகுதியில் வாரா வாரம் மக்கள் சந்திப்பு உண்டு. டேவிட் மார்ஷல் 1955இல் முதலமைச்சராக இருந்தபோது தொடங்கிய வழக்கம். கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், வரிசை எண், ஒரு பக்கம் கொசு, ஒரு பக்கம் அழும் குழந்தை. பல நாடுகளின் அமைச்சர்களுக்கு இப்படி ஒரு மேசைக்கு முன்னால் உட்காரும் கட்டாயமே இல்லை. இதை உண்மையான அனுபவம் என்று ஒப்புக்கொள்கிறேன். எந்த மாதிரி அனுபவம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு நாள் ராத்திரி என் மேசைக்கு வந்தவர் ஐம்பது வயதை நெருங்கிய டெலிவரி வேன் ஓட்டுநர். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) கார்ப்பேட்டையில் இரவில் கட்டணம் கட்டாமல் வேனை நிறுத்தியதற்கு நான்கு அபராதம். தள்ளுபடி கேட்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்குக் கடிதம் வேண்டும். நான் தட்டச்சு செய்துகொண்டே சும்மா கேட்டேன், "ராத்திரி மூணு மணிக்கு வண்டி அங்க என்ன பண்ணுச்சு?" அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "உள்ள தூங்கிட்டு இருந்தேன்" என்றார். நான்கு இரவும். குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாப்புத் தரும் மாதர் சாசனச் சட்டத்தின் கீழ் மனைவி வாங்கிய உத்தரவு, வீட்டுப் பக்கம் போகக் கூடாது. போக வேறு இடம் இல்லை. பின்னால் இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள். அபராதத்தைக் குறைக்கும்படி ரொம்ப நல்ல கடிதம் ஒன்று போனது, உறுப்பினர் அக்கறையாக இரண்டு நிமிடம் பேசிக் கையெழுத்துப் போட்டார். அன்றைய பதிவில் அது 'வாகன நிறுத்தம்' என்ற தலைப்பில் ஒரு வரி. அந்த மனிதரின் கோபம், அந்த வீட்டில் பயந்துகொண்டிருந்த மனைவி, இரண்டு பிள்ளைகள், யாரும் அந்த வரியில் இல்லை. அந்த மேசையின் குற்றம் என்று இதைச் சொல்ல மாட்டேன், அது அதற்காகப் போட்ட மேசை இல்லை. வருடத்துக்கு ஆயிரம் பேரைப் பார்த்தாலும், ஆயிரம் பேரையும் எட்டு நிமிடம் பார்த்த அனுபவம் அது. ஒரே குடும்பத்தை மூன்று வருடம் பார்ப்பது வேறு.

வீட்டுக்கே போய்ப் பார்த்தால்? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. என் கேஸில் எழுபத்து நாலு வயதுப் பாட்டி ஒருவர், ஓரறை வாடகை வீடு. உணவங்காடியில் தட்டுக் கழுவி ஓய்ந்தவர். மின்கட்டண பாக்கி ஏறிப்போனதால் வீட்டில் முன்பணம் கட்டும் மீட்டர் பொருத்தியிருந்தார்கள், பணம் போட்டால்தான் கரண்ட். ஒரு சனிக்கிழமை காலை அமைச்சர் ஒருவர் அந்த புளோக்குக்கு வருவதாக ஏற்பாடு. இரண்டு நாள் முன்பே நடைபாதையைக் கழுவிவிட்டார்கள், சைக்கிள்களெல்லாம் காணாமல் போயின. அமைச்சர் வந்தார். நல்ல மனிதர், முக்காலியில் உட்கார்ந்து, மொழிபெயர்ப்பாளர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டார். சாப்பாடு எப்படி, உடம்பு எப்படி, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சரியான கேள்விகளாகத்தான் கேட்டார். பாட்டி சிரித்துக்கொண்டே, "எல்லாம் நல்லா இருக்கு தம்பி. புள்ளைங்க பாத்துக்கிறாங்க" என்றார். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது, இரண்டு விளக்கும் எரிந்தன. அரிசி, எண்ணெய், பிஸ்கட் எல்லாம் அடங்கிய பை ஒன்றைக் கொடுத்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

மின்தூக்கிக் கதவு மூடும் சத்தம் கேட்டதும் பாட்டி எழுந்து முதலில் ஒரு விளக்கை அணைத்தார், அப்புறம் இன்னொன்றை, கடைசியில் மின்விசிறியை. மீட்டருக்குப் பக்கத்தில் போய் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எண்ணைப் பார்த்தார். என்னிடம் திரும்பி, "வந்தவங்க வேர்த்து ஒழுகிக்கிட்டு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். மற்ற நாட்களில் அவர் இரவு ஒன்பது மணிவரை நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், காற்றுக்காகவும் வெளிச்சத்துக்காகவும். 'பார்த்துக்கொள்ளும்' பிள்ளைகளில் ஒருவர் அப்போது சிறையில், மற்றவர் எட்டு வருடமாக வந்ததில்லை. எனக்கே இதெல்லாம் தெரியவந்தது ஏழாவதோ எட்டாவதோ தடவை போனபோதுதான். அன்றைக்குத்தான் அலமாரிக்கு மேலிருந்து மைலோ டின்னை எடுத்து என் மடியில் வைத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாத ஆங்கிலத்தில் வந்த கடிதங்கள் அத்தனையும் அதற்குள் இருந்தன, பாதி உறை பிரிக்காமலே. முதல் தடவை போனபோது எனக்கும் "எல்லாம் நல்லா இருக்கும்மா"தான்.

இதுதான் நான் சொல்ல வந்தது. அமைச்சருக்குக் கிடைப்பதெல்லாம் முதல் சந்திப்பு. நூறு வீட்டுக்குப் போனாலும் நூறு முதல் சந்திப்பு. முதல் சந்திப்பில் மனிதர்கள் சொல்வது பொய் என்று சொல்ல மாட்டேன், அது விருந்தாளிக்குச் சொல்லும் பதில். நம் வீடுகளில் வந்தவர் முன்னால் குடும்பக் கஷ்டத்தைக் கொட்டுகிற பழக்கம் இல்லை. சீனப் பாட்டி, மலாய்த் தாத்தா யாரானாலும் அப்படித்தான் என்பதை அனுபவத்தில் பார்த்துவிட்டேன். படிப்பும் பயிற்சியும் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் பாதி, அந்தப் பதிலை மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டு மறுபடியும் போவதுதான்.

2015 ஜூலையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அப்போது அமைச்சராக இருந்த டான் சுவான்-ஜின், பழைய அட்டை பொறுக்கி விற்கும் முதியவர்களிடம் இளம் தொண்டூழியர்களோடு போய்ப் பேசிவிட்டு ஃபேஸ்புக்கில் எழுதினார். அவர்கள் எல்லாரும் வயிற்றுப்பாட்டுக்கு வழியில்லாமல் இதைச் செய்கிறார்கள் என்ற எண்ணம் முழுக்கச் சரியில்லை, கைச்செலவுக்காகவும் உடற்பயிற்சி மாதிரியும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அதன் சாரம். பிடித்துக்கொண்டார்கள்! ஊரே கேலி செய்தது. நான் கேலி செய்யவில்லை. அந்த முதியவர்கள் அப்படிச் சொல்லியிருப்பார்கள், சந்தேகமே இல்லை. எனக்கும் சொல்லியிருக்கிறார்கள், "சும்மா உக்காந்தா உடம்பு கெட்டுரும்" என்று. சிலருக்கு அது உண்மையும்கூட. அமைச்சர் போனார், கேட்டார், கேட்டதை அப்படியே எழுதினார். அவர் தவறவிட்டது ஒன்றுதான், அது முதல் பதில். ஒரு கிலோவுக்குச் சில காசு கிடைக்கும் வேலையை உச்சி வெயிலில் உடற்பயிற்சிக்காகச் செய்கிறேன் என்று ஒருவர் சொன்னால், எங்கள் முதலாமாண்டு மாணவியின் குறிப்பேட்டில் அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும்.

இதற்கு நேர் எதிரான உதாரணத்தையும் வைக்கிறேன், இல்லாவிட்டால் என் தொழிலுக்கு நானே கொடி பிடிக்கிற மாதிரி ஆகிவிடும். 2007 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் பொது உதவித்தொகை பற்றிய விவாதம். தனியாக வாழும் ஒருவருக்கு மாதம் 260 வெள்ளியாக இருந்ததை 290 ஆக்குவதாக அமைச்சு சொன்னது. ஜாலான் புசார் குழுத்தொகுதி உறுப்பினர் டாக்டர் லிலி நியோ எழுந்து, தன் வட்டாரத்தில் உதவித்தொகையில் வாழ்கிறவர்கள் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தவிர்க்கிறார்கள், நாளுக்கு ஒரு வெள்ளி கூட்டினால் அந்த வேளைக்குச் சாப்பாடு வாங்க முடியாது என்றார். மூன்று வேளைச் சாப்பாடு கேட்பது அதிகமா என்று கேட்டார். அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், எவ்வளவு வேண்டும், மூன்று வேளையும் உணவங்காடியிலா, உணவுக்கடைத் தொகுதியிலா, உணவகத்திலா என்று திருப்பிக் கேட்டார். இன்றைக்கும் பலர் மறக்காத வாக்குவாதம் அது. இங்கே பார்க்க வேண்டியது: இருவருமே டாக்டர்கள். இருவரும் ஒரே கட்சி. சமூகப் பணி படித்தவர் இருவரில் யாரும் இல்லை. ஒருவருக்கு அந்த ஒரு வெள்ளியின் கணக்கு தெரிந்திருந்தது, ஏனென்றால் அவர் அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போனவர், அந்தக் கதவுகளை வருடக்கணக்காகத் தட்டியவர். ஒரே தொகுதியில் இருபது வருடம் இருந்து, வாடகை புளோக்கில் யார் வீட்டில் எந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்று சொல்லக்கூடிய உறுப்பினர்களை நானும் பார்த்திருக்கிறேன். பட்டம் இல்லாமலே அவர்கள் எங்கள் தொழிலில் பாதி கற்றுவிட்டவர்கள்.

சமூகப் பணியாளர் ஒருவரை அமைச்சராக்கினால் கொள்கைகள் இன்னும் நன்றாக இருந்திருக்குமா? இதை உறுதியாகச் சொல்கிறவரை நம்பாதீர்கள். எனக்குத் தெரிந்த திறமையான சமூகப் பணியாளர்களில் நாலைந்து பேரைத் தவிர யாரையும் அந்த நாற்காலியில் உட்கார வைக்க மாட்டேன். நாங்கள் ஒரு குடும்பத்தைப் பார்த்துப் பழகியவர்கள். பத்தாயிரம் குடும்பத்துக்கு ஒரே விதி எழுதச் சொன்னால் தடுமாறுவோம். நிதி அமைச்சோடு மல்லுக்கட்டிப் பணம் வாங்கும் சாமர்த்தியம் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. என் கேஸ்களில் பார்த்ததே நாடு முழுக்க நடக்கிறது என்று நினைக்கும் ஆபத்தும் எனக்கு உண்டு. ராணுவத்திலிருந்து வந்தவர்களிடம் ஒன்றை மெச்சுகிறேன், ஆளும் பொருளும் எங்கே தேங்கி நிற்கிறது என்று கேட்பார்கள். 2013 முதல், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் சமூகச் சேவை அலுவலகங்களை வட்டாரம் வட்டாரமாகத் திறந்ததில், சக்கர நாற்காலியில் இருந்த என் கேஸ்காரர் ஒருவருக்கு இரண்டு பஸ் மாறும் வேலை மிச்சமானது. அதற்குப் பெரிய தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை, வரைபடத்தைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

அமைச்சுக்கு உள்ளே தொழில் தெரிந்தவர்கள் இல்லாமலும் இல்லை. சிறுவர் பாதுகாப்பு, குடும்ப வன்முறை போன்ற பிரிவுகளில் இருக்கிறவர்களில் பலர் எங்களோடு படித்தவர்கள்தான். ஆகவே அமைச்சருக்கு என்ன தெரியும் என்பதைவிட, அவர்களுக்குத் தெரிந்தது எத்தனை மேசையைத் தாண்டி அவரிடம் போகிறது, போகும் வழியில் எவ்வளவு இஸ்திரி போடப்படுகிறது என்பதைத்தான் நான் கேட்பேன். பாட்டி விளக்கை அணைத்ததை என் குறிப்பில் எழுதினேன். மேலே போன அறிக்கையில் அது 'மின்கட்டணச் சிக்கல் உள்ளது, கண்காணிப்பில்' என்று மாறியிருந்தது. தப்பான வரி என்று சொல்ல முடியாது. ஆனால் அதைப் படித்த யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

அண்மைக் காலத்தில் என்னைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வைத்தது காம்லிங்க் பிளஸ். வாடகை வீடுகளில் பிள்ளைகளோடு வாழும் சுமார் 10,000 குடும்பங்களுக்கான திட்டம், 2023 நவம்பரில் விவரம் வந்தது. ஒரு குடும்பத்துக்கென்று ஒரு குடும்பப் பயிற்றுநர், அவரே தொடர்ந்து வருவார் என்பது அதன் அடிப்படை. முதல் சந்திப்பு போதாது என்பதை அமைச்சே ஒப்புக்கொண்ட மாதிரி எனக்குப் பட்டது, அதுவும் ஒரு பொறியாளர் அமைச்சராக இருக்கும்போது. பயிற்றுநர்கள் அடிக்கடி மாறினால் குடும்பம் மறுபடி முதல் பக்கத்திலிருந்து கதையைச் சொல்ல வேண்டியிருக்கும், நிலைத்து இருந்தால் அலமாரிக்கு மேலிருக்கும் மைலோ டின் கீழே இறங்கும். எது நடக்கும் என்று ஆரூடம் சொல்லத் திட்டத்துக்கு வயது போதாது.

உங்கள் மாமாவுக்கு என் பதில் இது: அமைச்சருக்குப் படிப்பு இல்லாமல் ஓடுவதே, கீழே படித்தவர்கள் இருப்பதால்தான். அக்கா மகளுக்கு வேறு சொல்ல இருக்கிறது. நல்ல மனசு வேண்டும், ஆனால் அது மட்டும் இருந்தால் இரண்டாவது வருடத்தில் வெந்துபோவாள், அப்படிப் போனவர்களை நானே வழியனுப்பியிருக்கிறேன். விண்ணப்பம் போடுவதற்கு முன் ஆறு மாதம் ஏதாவது ஒரு குடும்பச் சேவை நிலையத்தில் தொண்டூழியராகச் சேர்ந்து, ஒரே ஒரு முதியவரை வாரம் ஒரு முறை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பையோ பரிசோ கொண்டுபோக வேண்டாம். தமிழ் பேசத் தெரிந்த தொண்டூழியர்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு, உடனே எடுத்துக்கொள்வார்கள். முடிந்தால் மாமாவையும் கூட அனுப்புங்கள். தாத்தாக்களோடு காப்பிக்கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிற ஆண்கள் எங்களுக்கு ரொம்பக் குறைவு, அவருக்குப் பேச்சு நன்றாக வரும்போலிருக்கிறது.